முன்பக்கம் நட்பு, பின்பக்கம் பசை

இரண்டு நாடுகள் கைகுலுக்கினால் ஓர் அஞ்சல் தலை வெளியாகிறது. கை விலகிய பிறகு அந்தத் தலைக்கு என்ன மதிப்பு? காட்பாடி, வேலூர், ஆம்பூர் வட்டாரத்திலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.

காட்பாடி ஜங்ஷன். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. ஹவுரா பக்கத்திலிருந்து வந்த ரயில் நின்றதும் இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேரின் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை. உள்ளே எக்ஸ்ரே, ஸ்கேன், ஊரில் பார்த்த டாக்டரின் சீட்டு. சூட்கேஸை போர்ட்டரிடம் கொடுப்பார்கள். இந்த உறையை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். ஒரு முதியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இரண்டு பிள்ளைகள் படியேறுகிறார்கள். பின்னாலேயே மருமகள், தோளில் ஒரு குழந்தை, கையில் ஒரு தூக்குச்சட்டி.

வெளியே வந்தால் ஆட்டோ ஸ்டாண்ட். "தாதா, கோத்தாய் ஜாபேன்? சி.எம்.சி.? லாட்ஜ்?" சி.எம்.சி. என்றால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கேட்பவர் காட்பாடிக்காரர். கல்கத்தாவை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் வாடகை பேசுகிற அளவுக்கு வங்காளம் சரளமாக வரும். பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூருக்குள் நுழைந்தால் மருந்துக்கடை, மெஸ், லாட்ஜ் எல்லாவற்றின் பலகையிலும் தமிழோடு வங்க எழுத்து. மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், அவற்றோடு எல்லை தாண்டி வங்கதேசம், நேபாளம், பூடான்! நாள் தவறாமல் இந்த ஊர் வெளியூரையும் வெளிநாட்டையும் உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கிறது.

இந்த ஊருக்கும் அஞ்சல் தலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில், அமெரிக்காவின் புதிய சுங்க விதிகளால் இந்திய அஞ்சல் துறை அந்த நாட்டுக்கான சேவையை நிறுத்தியது. அதற்கு முன் மே மாதம் பாகிஸ்தானுடனான கடித, பார்சல் போக்குவரத்து முற்றாக நின்றது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தபின் வங்கதேசத்தவருக்கான இந்திய விசா சுருங்கியது. இந்த நாடுகளில் இரண்டின் பெயரால் நட்பைக் கொண்டாடி நாம் அஞ்சல் தலை வெளியிட்டிருக்கிறோம். தலைகள் ஆல்பத்தில் பத்திரமாக இருக்கின்றன. நட்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தேட டெல்லியைவிட காட்பாடி பொருத்தமான இடம்.

ஒரே நாளில் இரண்டு நாடுகளில்

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நட்பு அஞ்சல் தலை இரண்டு வகை. முதல் வகையில் ஒரு நாடு தானாகவே இன்னொரு நாட்டையோ அதன் பெரிய மனிதரையோ கௌரவிக்கும். இந்தியாவுக்கு வெளியே காந்திக்கு முதன்முதலில் தலை வெளியிட்டது அமெரிக்கா, 1961 ஜனவரி 26 அன்று, நம் குடியரசு நாளிலேயே. அவர் எதிர்த்துப் போராடிய பிரிட்டன் 1969-ல் வெளியிட்டது.

இரண்டாவது வகை கூட்டு வெளியீடு. இரண்டு நாட்டு அஞ்சல் துறைகளும் ஒரே பொருளை ஒப்புக்கொண்டு, பெரும்பாலும் ஒரே நாளில், அவரவர் நாணயத்தில் அவரவர் வெளியிடும். 1959-ல் அமெரிக்காவும் கனடாவும் செயின்ட் லாரன்ஸ் கடல்வழித் திறப்புக்காக ஒரே வடிவத்தில் வெளியிட்ட தலைகளை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். பனிப்போர் நடுவிலேயே 1975-ல் அப்போலோ – சோயுஸ் விண்கலச் சந்திப்புக்கு அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து தலை அச்சிட்டன.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூத்திரம் உண்டு. யாருக்கும் வலிக்கக் கூடாது. ஆகவே நடனம், பறவை, கோயில், பழைய கவிஞர். எல்லைத் தகராறு, விசா, சுங்க வரி எதுவும் அந்தச் சிறு காகிதத்தில் தலைகாட்டாது. ராஜதந்திரம் என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதனாலேயே பல கூட்டுத் தலைகள் சுற்றுலாத் துறை விளம்பரம்போல அழகாக, உப்புச் சப்பில்லாமல் இருக்கின்றன.

┌ பெட்டிச் செய்தி: ஜோடி சேர்ந்த தலைகள் ┐

1995 – தென்னாப்பிரிக்காவுடன்: காந்தி.

2003 – தென்கொரியாவுடன்: நம் ஜந்தர் மந்தர், அவர்களின் சியோம்சொங்டே வானோக்கு கோபுரம்.

2004 – ஈரானுடன்: கபீர், ஹாஃபிஸ்.

2008 – சீனாவுடன்: புத்தகயா மகாபோதி, லுவோயாங் வெள்ளைக் குதிரைக் கோயில்.

2009 – பிலிப்பைன்ஸுடன்: கங்கை ஓங்கில், திமிங்கலச் சுறா.

2012 – இஸ்ரேலுடன்: தீபாவளி, ஹனுக்கா விளக்குகள்.

2018 – செர்பியாவுடன்: விவேகானந்தர், நிகோலா டெஸ்லா.

2019 – தென்கொரியாவுடன் மீண்டும்: கொரிய மன்னனை மணக்கக் கடல் கடந்து போனதாகச் சொல்லப்படும் ராணி ஹியோ ஹ்வாங்-ஓக். அவர் பிறந்த ஊர் அயோத்தி என்கிறது அரசு; தமிழ்நாடு என்று வாதாடுபவர்களும் நம்மிடையே உண்டு.

└────────────┘

முகவரி: டாக்டர் ஐடா, இந்தியா

வேலூருக்கு வருவோம். 2000-ல் இந்திய அஞ்சல் துறை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, அதன் நூற்றாண்டையொட்டி, ஒரு தலை வெளியிட்டது. அதில் எந்த வெளிநாட்டின் கொடியும் இல்லை, 'நட்பு' என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் இந்தியா வெளியிட்ட தலைகளில் இரண்டு நாடுகளின் உறவைச் சொல்வது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் எடுத்து நீட்டுவேன்.

ஐடா சோபியா ஸ்கடர் பிறந்தது ராணிப்பேட்டையில், 1870 டிசம்பர் 9 அன்று. அமெரிக்க மிஷன் குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே மருத்துவம். ஐடாவுக்கு இந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. அமெரிக்காவிலேயே தங்கிவிட நினைத்தவர், உடல்நலம் குன்றிய தாயைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வலி. ஆண் டாக்டரை உள்ளே விட வழக்கமில்லை. ஐடாவோ டாக்டர் இல்லை. மறுநாள் மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது. ஐடா மருத்துவம் படிக்கக் கப்பலேறினார்.

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரிப் பட்டம். 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஒரு மருந்தகம். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902-ல் ஷெல் மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1947 முதல் ஆண்களுக்கும் இடம். 1961-ல் இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவைச் சிகிச்சை இங்கேதான் நடந்தது. ஐடா அதைப் பார்க்க இல்லை; 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

அவரைப் பற்றி வேலூரில் இன்றும் சொல்லப்படும் கதை ஒன்று நம் விஷயத்துக்கு நேராகவே பொருந்தும். வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருவர் உறையின் மேல் 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் எழுதிப் போட்டாராம். ஊர் இல்லை, தெரு இல்லை. கடிதம் வேலூருக்கு வந்து சேர்ந்ததாம். அந்த உறையில் எந்த நாட்டுத் தலை ஒட்டியிருந்தது என்று கதை சொல்பவர்கள் யாரும் கவலைப்படுவதில்லை. முகவரியைப் படித்த அஞ்சல் ஊழியருக்கு ஆள் தெரிந்திருந்தது. வேறென்ன வேண்டும்?

அதே அமெரிக்காவுக்காக டெல்லி வெளியிட்ட அதிகாரப்பூர்வ நட்புத் தலை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டுக்கு இந்தியா தலை வெளியிட்டது 1976 மே மாதத்தில். இங்கே நெருக்கடி நிலை. தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அடுத்தவன் வீட்டு விடுதலைக்கு வாழ்த்து அட்டை அனுப்ப அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைத்திருக்காது!

கரிகிரியின் செருப்பு

1973 ஜூலையில் இந்தியா ஒரு நார்வேக்காரருக்குத் தலை வெளியிட்டது. பெயர் அர்மாவர் ஹான்சன். தொழுநோய்க்குக் காரணமான கிருமியை 1873-ல் கண்டுபிடித்தவர். மதிப்பு 50 காசு. அந்தத் தலையை வாங்கியவர்களில் எத்தனை பேர் காட்பாடியை நினைத்திருப்பார்கள்? நினைத்திருக்க வேண்டும்.

காட்பாடிக்கு அருகே கரிகிரி. பிரிட்டிஷ், அமெரிக்கத் தொழுநோய் மிஷன்களும் சி.எம்.சி.யும் சேர்ந்து அமைத்த ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் 1955-ல் இங்கே தொடங்கியது. அதற்கு முன்பே வேலூரில் ஒரு பெரிய திருப்பம் நடந்திருந்தது. அதன் நாயகர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-ல் கொல்லிமலையில் பிறந்து, மலைப்பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்கு வந்தார்.

தொழுநோயாளியின் விரல்கள் தானாக அழுகி உதிர்கின்றன என்றுதான் அதுவரை உலகம் நம்பியது. பிராண்டும் சகாக்களும் உட்கார்ந்து கவனித்தார்கள். நோய் செய்வது உணர்ச்சியை அழிப்பது மட்டும். சூடான பாத்திரத்தைப் பிடித்தால் தெரியாது. காலில் ஆணி ஏறினால் தெரியாது. இரவில் எலி கடித்தால்கூடத் தெரியாது. காயம் புண்ணாகி, புண் புரையோடி, விரல் போகிறது. அப்படியென்றால் காயத்தைத் தடுத்தால் விரலைக் காப்பாற்றலாம். வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளிடம் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பியது இந்தக் காலத்தில்தான். மருத்துவ வரலாற்றில் எலிக்கடிக்கு இவ்வளவு எளிய சிகிச்சை வேறு இருக்காது. 1948 வாக்கில், மடங்கிப்போன தொழுநோய்க் கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையும் வேலூரில் தொடங்கியது. உலகத்துக்கே அது முன்னோடி.

கைக்கு வழி கிடைத்தது. காலுக்கு? இங்கேதான் இந்த மண்ணின் தோல், காலணித் தொழில் உள்ளே வருகிறது. மரக்கட்டை, மெழுகு, பிளாஸ்டிக் என்று பலவற்றைச் சோதித்துவிட்டுக் கடைசியில் வந்து நின்றது நுண்துளை ரப்பர் அட்டை. கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே உள்வாங்கி மீளும் மென்மை. அடியில் முள் ஏறாத கடின அட்டை. மேலே தோல் வார். இன்றும் அரசு மருத்துவமனைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டால் இதைத்தான் கொடுக்கிறார்கள். தொழுநோயாளிக்கு மட்டுமில்லை, சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் இதுவே. இந்தச் செருப்பில் ஆணி அடிக்க மாட்டார்கள். தையல், பசை, அவ்வளவுதான். ஆணி மேலே வந்தால் போட்டிருப்பவருக்குத் தெரியாதே!

பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போனார். அங்கே கார்வில் தொழுநோய் மருத்துவமனையில், வேலூரில் கற்றதைக் கற்பித்தார். நார்வேயில் கிருமி, பிரிட்டனில் படிப்பு, வேலூரில் செருப்பு, அமெரிக்காவில் பாடம். நான்கு நாடுகள் சம்பந்தப்பட்ட இந்தக் கதைக்கு எந்தத் தூதரகமும் விழா எடுக்கவில்லை. விழா எடுத்திருந்தால் இரண்டு நாட்டு நடனத்தை அச்சிட்டிருப்பார்கள்.

ஐந்து காசு கூடுதல்

வங்கதேசத்தின் கதை கொஞ்சம் வேறு. அங்கே அஞ்சல் தலை நாட்டுக்கு முன்பே பிறந்துவிட்டது.

1969-ல் பிரிட்டனின் காந்தி தலையை வரைந்தவர் பிமன் மல்லிக் என்ற வங்காளி ஓவியர். இரண்டு ஆண்டு கழித்து அதே கைக்கு இன்னொரு வேலை வந்தது. போர் நடந்துகொண்டிருக்கிறது, நாடு இன்னும் உலகப் படத்தில் இல்லை, ஆனால் 'வங்கதேசம்' என்று பெயர் போட்டு எட்டுத் தலைகள் வேண்டும். 1971 ஜூலை 29 அன்று அவை வெளியாயின. ஒரு நாடு இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்ல அன்று கையில் இருந்த ஆவணங்களில் அதுவும் ஒன்று.

இந்தப் பக்கம், ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்துவிட்டார்கள். செலவுக்கு எங்கே போவது? 1971 நவம்பர் 15 முதல் கடிதம் போடுகிற ஒவ்வொருவரும் ஐந்து காசு கூடுதலாக ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. புதிய தலை அச்சிட்டு வரும்வரை பொறுக்க முடியவில்லை. கையிருப்பில் இருந்த ஐந்து காசு குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மேலேயே 'அகதிகள் நிவாரணம்' என்று முத்திரை குத்தி விற்றார்கள். அழகில்லாத, அவசரத்தில் பிறந்த தலை. சேகரிப்பாளர் பலர் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. என் கணக்கில் இந்தியா வெளியிட்ட உண்மையான நட்புத் தலை அதுதான். ஏனென்றால் அதற்குப் பொதுமக்கள் காசு கொடுத்தார்கள். ராமநாதபுரத்துக் கிழவியும் மகனுக்குக் கடிதம் போட ஐந்து காசு சேர்த்து ஒட்டினாள்.

1973 ஏப்ரலில், வங்கதேசத்தின் முதல் நாடாளுமன்றம் கூடியபோது 'ஜெய் பாங்ளா' என்று இந்தியா ஒரு தலை வெளியிட்டது. அன்றைய உற்சாகம் அப்படி. அரை நூற்றாண்டு கழிந்து 2024-ல் டாக்காவில் காற்று மாறியது. விசா மையங்கள் முடங்கின. அவசர மருத்துவத்துக்கு மட்டும் சொற்பமாகக் கொடுத்தார்கள். அதுவரை இந்தியாவுக்கு மருத்துவத்துக்காக வந்த வெளிநாட்டவரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வங்கதேசத்தவர். இத்தகைய முடிவு டெல்லியில் ஒரு வரி அறிவிப்பு. வேலூரில் அது லாட்ஜ் வாடகை, மெஸ்ஸில் மீன் குழம்பு, மருந்துக்கடைக் கணக்கு, ஆட்டோ சவாரி. எல்லாவற்றுக்கும் முன்னால், பாதியில் நிற்கும் ஒரு சிகிச்சை. அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொன்ன டாக்டரின் சீட்டு ராஜ்ஷாஹியில் ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் கிடந்தால், 'ஜெய் பாங்ளா' தலை யாருக்கு என்ன பயன்?

┌ பெட்டிச் செய்தி: தலையால் வந்த தகராறு ┐

1900-ல் நிகரகுவா தன் எரிமலையைப் பெருமையோடு தலையில் போட்டது. அமெரிக்கா கடல் கால்வாய் வெட்ட நிகரகுவாவா, பனாமாவா என்று யோசித்த நேரத்தில், பனாமா ஆதரவாளர் ஒருவர் அந்தத் தலைகளை வாங்கி அமெரிக்க செனட்டர்களுக்கு அனுப்பினார். கால்வாய் பனாமாவுக்குப் போனது.

2004-ல் தென்கொரியா, ஜப்பானும் உரிமை கோரும் டோக்டோ தீவுகளுக்குத் தலை வெளியிட்டது. ஜப்பான் கண்டனம் தெரிவித்தது. தலைகள் சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன.

2018 ஜூலையில் பாகிஸ்தான் காஷ்மீரை வைத்து 20 தலைகள் வெளியிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. கூட்டத்தின்போது நடக்க இருந்த இந்திய – பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர்கள் சந்திப்பை இந்தியா ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் அந்தத் தலைகளும் ஒன்று.

2022 ஏப்ரலில் உக்ரைன், ரஷ்யப் போர்க்கப்பலை நோக்கி வீரன் ஒருவன் சைகை காட்டும் தலையை வெளியிட்டது. வாங்க அஞ்சலக வாசலில் நீண்ட வரிசை.

└────────────┘

ஆம்பூர்ப் பெட்டிகளில் இருக்கும் உலக வரைபடம்

காட்பாடியிலிருந்து மேற்கே போனால் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை. காலையில் தோல், காலணிக் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். காலணியின் மேற்பகுதியான அப்பரைத் தைப்பவர்கள், ஒட்டுபவர்கள், பாலிஷ் போடுபவர்கள் என்று பெரும்பாலும் பெண்கள். அட்டைப்பெட்டி மேலே ஒட்டும் முகவரி ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா. எந்த நாட்டோடு உறவு எப்படி என்று அறிய இங்கே செய்தித்தாள் வேண்டாம். ஓவர்டைம் இருக்கிறதா என்று கேட்டால் போதும்.

1990 ஆகஸ்டில் இந்திய – சோவியத் நட்புக்கு இரண்டு நாடுகளும் ஜோடித் தலைகள் வெளியிட்டன. குழந்தைகள் வரைந்த ஓவியங்கள். மாஸ்கோவின் கோபுரங்கள் ஒன்றில். பார்க்கப் பார்க்க அழகு. அப்போது ரூபாய் வணிகத்தில் நம் காலணி அப்பர்களையும் தோல் பொருட்களையும் வாங்கிய பெரிய வாடிக்கையாளர் சோவியத் ஒன்றியம். 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லை. தலை வெளியாகி ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. ரஷ்யாவை நம்பி ஆர்டர் எடுத்தவர்கள் ஐரோப்பாவின் கதவைத் தட்டினார்கள். அந்தக் கதவில் வேறு பூட்டு. ஜெர்மனி, தோலில் பி.சி.பி. என்ற ரசாயனத்தை 1989-லேயே தடை செய்திருந்தது; பிறகு அசோ சாயங்கள். டேனரிகள் தங்கள் கலவையையே மாற்றிக்கொண்டு பிழைத்தன.

அடுத்த அடி 2025-ல். இந்தியத் தோல், காலணி ஏற்றுமதியில் தனி நாடு என்று எடுத்தால் அமெரிக்காதான் முதல் வாடிக்கை. ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்க வரி 50 விழுக்காடாக உயர்ந்தது. இரண்டு நாள் கழித்து, 800 டாலருக்குக் குறைவான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கும் போனது. யார் வரி வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற தெளிவு இல்லாததால் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதலே அமெரிக்காவுக்கான சேவையைப் படிப்படியாக நிறுத்தியிருந்தது. அக்டோபர் 15 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. நியூஜெர்சியில் இருக்கும் பேரனுக்குத் தீபாவளிக்கு முறுக்கு அனுப்ப நினைத்த பாட்டிக்கும், ஆம்பூரில் ஆர்டர் தள்ளிப்போன கம்பெனிக்கும் ஒரே காரணம், ஒரே மாதம்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. தைவானோடு இந்தியாவுக்கு முறையான ராஜதந்திர உறவு இல்லை. உலக அஞ்சல் ஒன்றியத்தில் 1972-ல் அந்த இடம் சீனாவுக்குப் போய்விட்டது. ஆகவே இந்திய – தைவான் நட்புத் தலை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமக் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான நம் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹோங் ஃபூ வந்திருக்கிறது. சீனாவோடு 2008-ல் கூட்டுத் தலை வெளியிட்டோம். 2020-ல் கல்வானில் 20 வீரர்களை இழந்தோம். நேரடி விமானம் ஐந்து ஆண்டு ஓடவில்லை. தலை இருந்த இடத்தில் விமானம் இல்லாமல் இருந்தது. தலை இல்லாத இடத்தில் மாதச் சம்பளம் வருகிறது.

சீனாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போர்க்களத்தில் சீனருக்கு வைத்தியம் பார்த்து 1942-ல் அங்கேயே இறந்த சோலாப்பூர் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸுக்கு 1982-ல் சீனா தலை வெளியிட்டது; நாம் 1993-ல்தான் வெளியிட்டோம். 1962 போருக்குப் பின்னும் சீனர்கள் மறக்காத ஓர் இந்தியர் உண்டென்றால் இந்த டாக்டர்தான். மீண்டும் மருத்துவம்! எல்லை தாண்டி நிலைப்பது எது என்பதற்கு வேலூர் தரும் சாட்சியையே கோட்னிஸும் தருகிறார்.

நட்புக்கு ஒரு செலவுக் கணக்கும் உண்டு. அதை யாரும் தலையில் அச்சிடுவதில்லை. ஷூ ஐரோப்பாவுக்குப் போகிறது, கழிவு பாலாற்றில் தங்குகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு சட்ட மாணவர்களுக்கெல்லாம் பாடம். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது அது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் உவர்த்துப்போன வாணியம்பாடி விவசாயிக்கு இத்தாலியின் நட்பு பற்றி நாம் எப்படி விளக்குவது?

பாலாற்றங்கரையில் ஒரு ராஜா

வேலூரில் இன்னொரு நாட்டின் ராஜா உறங்குகிறார். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழி, இயற்பெயர் கண்ணுசாமி. 1815-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவரது சமாதி மேல் தமிழக அரசு எழுப்பிய முத்து மண்டபம் 1990 முதல் நிற்கிறது. இலங்கையிலிருந்து வருபவர்கள் தேடி வந்து பார்க்கிறார்கள். வேலூர்க்காரர்களில் பலர் அதைப் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி.

கோட்டைக்கு நம் பங்குக்கு ஒரு தலையும் உண்டு: 1806 வேலூர்ப் புரட்சியின் 200ஆம் ஆண்டுக்கு, 2006 ஜூலை 10 அன்று வெளியானது. சிப்பாய்கள் கொதித்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, புதிய தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சம். தோல் இல்லாமல் இந்த ஊரில் எதுவும் நடப்பதில்லை.

வேலூர் அருகே மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 நவம்பரில் அன்றைய முதலமைச்சர் அங்கே புதிய வீடுகளுக்கான திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இருநூறு ஆண்டுக்கு முன் அந்தத் தீவிலிருந்து வந்த ராஜாவுக்கு மண்டபம் கட்டினோம். நாற்பது ஆண்டுக்கு முன் வந்த குடிமக்களுக்கு அப்போதுதான் சுவர் எழுப்பத் தொடங்கினோம். இலங்கை தன் அஞ்சல் தலைகளில் சிங்களத்தோடு தமிழிலும் நாட்டின் பெயரைப் போடுகிறது. அங்கே தமிழருக்கு நடந்ததை அந்த எழுத்து தடுத்துவிடவில்லை.

ஒட்டுவதற்கு உறை எங்கே?

இன்னொரு சிக்கல். நட்புத் தலை உறையில் ஏறுவதே அபூர்வமாகிவிட்டது. கவுன்டரில் நீட்டினால் பார்கோடு ஸ்டிக்கர் வருகிறது. 2025-ல் பதிவுத் தபாலும் விரைவு அஞ்சலோடு கலந்துவிட்டது. கூட்டு வெளியீட்டுத் தலை விழா மேடையிலிருந்து நேரே ஆல்பத்துக்குப் போகிறது. அந்த நாட்டுக்கே போகும் கடிதத்தில் அது ஒட்டப்படுவதில்லை. இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. கூட்டுத் தலை வெளியிடும் ஆண்டில், அந்த நாட்டுக்குப் போகும் மாணவர் கடிதங்களுக்கும் நோயாளிகளின் மருத்துவ ஆவணங்களுக்கும் அரைக் கட்டணம் என்று அறிவிக்கட்டும். அப்போது நட்புக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கும்.

┌ பெட்டிச் செய்தி: பிள்ளைகளுக்கு ┐

தலைமை அஞ்சலகத்தில் 200 ரூபாய் கட்டி அஞ்சல் தலைச் சேமிப்புக் கணக்கு தொடங்கினால் புதிய வெளியீடுகள் வீடு தேடி வரும்.

6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும், அஞ்சல் தலை சேகரிக்கும் மாணவர்களுக்கு 'தீன் தயாள் ஸ்பர்ஷ்' திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2017-ல் தொடங்கியது. வினாடி வினா, செயல்திட்டம் மூலம் தேர்வு.

└────────────┘

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டு வெளியீடு பிரிட்டனோடு என்றால், நடனமும் கோபுரமும் வேண்டாம். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டையும், கரிகிரியில் ஆணி இல்லாமல் தைத்த அந்தச் செருப்பையும் போடட்டும். நம் பக்கத் தலையில் செருப்பு, அவர்கள் பக்கத் தலையில் டாக்டர். அஞ்சல் தலைக்கான யோசனையை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்து வாசகர்களும் ஆளுக்கொரு கடிதம் போடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். ஐந்து ரூபாய்த் தலை ஒட்டினால் போதும். முகவரி: தபால் தலைப் பிரிவு, அஞ்சல் துறை, டாக் பவன், சன்சத் மார்க், புதுடெல்லி – 110001.